என் பெயரில் வந்த பக்கங்கள்

என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போனது ஒரு மழைக்காலக் காலையில். ஏற்காட்டில் ஏரிக்கு மேலே போகும் ரோட்டில் ஒரு மாடி வீடு. ஆளுக்கொரு மேஜை போட்டு, இரண்டு பேரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். காபி டம்ளரை எடுக்கப் போனார், கை போகவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை. கீழ் வீட்டு அக்கா, அவர்தான் எங்கள் வீட்டு ஓனர், அலறியடித்துக்கொண்டு ஜீப்பை எடுக்கச் சொன்னார். மலைப்பாதை முழுக்க மூடுபனி. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் தலை என் மடியிலிருந்து சரிய, நான் இழுத்து இழுத்து வைத்துக்கொண்டேன். அடிவாரம் வருவதற்குள் நான் கூப்பிடாத சாமி இல்லை. சேலத்து ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். பேச்சைப் பிடித்துவைக்க அவர்களால் முடியவில்லை.

பேச்சு முழுதாகப் போயிருந்தால் கூட மனசு ஒரு வழியாக ஆறியிருக்குமோ என்னவோ. ஒரே ஒரு சொல் மிச்சம் இருந்தது. "அதேதான்." ஆபீஸ் ஆட்களோடு போனில் பேசும்போது ஓயாமல் அவர் சொன்ன சொல். இப்போது பசிக்கிறதா என்றாலும் அதேதான், தலை வலிக்கிறதா என்றாலும் அதேதான், என்னைத் தெரிகிறதா என்று நான் அழுதபோதும் அதேதான். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "அவரு வேற என்னவோ சொல்ல நினைக்கிறாரும்மா. வாய்ல இதுதான் வருது. படிக்கிறதும் போயிருக்கலாம். எவ்வளவு மிச்சம் இருக்குன்னு போகப் போகத்தான் தெரியும்." வலது கை தொங்கிப்போயிருந்தது. வாரா வாரம் பேச்சுப் பயிற்சிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் சேலம் இறங்கி ஏற ஆரம்பித்தேன்.

அவர் எழுதிய மென்பொருள் லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கானது. சேலம், சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவர்கள் லோடு, டிரைவர் படி, டயர், பெர்மிட் எல்லாவற்றையும் அதில் போட்டுத்தான் பார்ப்பார்கள். கம்பெனி கோயமுத்தூரில். முதல் வரியிலிருந்து அதை எழுதியவர் இவர் ஒருவர்தான். நான் அதே கம்பெனியில் டெஸ்டிங். அவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம். கல்யாணத்துக்கு முன்னாலேயே புருஷனிடம் குற்றம் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டவள் என்று ஆபீசில் என்னைக் கேலி செய்வார்கள்.

நான் கண்டுபிடித்த குற்றங்களிலேயே அவர் கடைசிவரை திருத்திக்கொள்ளாதது ஒன்று. நிரல் எழுதுகிறவர்கள், இந்தத் துண்டு எதற்கு, இதை ஏன் இப்படிச் செய்தேன் என்று நடுநடுவே மனிதர்கள் படிப்பதற்காக ஒரு குறிப்பு எழுதிவைப்பார்கள். கமெண்ட் என்போம். இந்த மனுஷன் ஒரு வரி எழுத மாட்டார். சொன்னால் சிரிப்பார். "எதுக்கு எழுதோணும்? சந்தேகம்னா என்னையக் கேட்டாப் போச்சு." கேட்டார்கள். கோயமுத்தூரிலிருந்து, நாமக்கல்லிலிருந்து, சாப்பிடும்போது, குளிக்கும்போது. இவரும் ஈரத் துண்டோடு நின்று பதில் சொல்லுவார். அந்த மென்பொருளுக்கு விளக்கப் புத்தகம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அவர் வாய்தான். அந்த வாய்தான் போய்விட்டது.

மேனேஜர் நல்ல மாதிரி. எங்கள் இருவரையும்விடச் சின்னவர். கொஞ்ச நாள் மரியாதைக்கு விசாரித்துவிட்டு ஒருநாள் விஷயத்துக்கு வந்தார். "மேடம், சார் தலைக்குள்ள இருக்கறதையெல்லாம் வெளிய எடுத்தாகணும். கோடிங்கைப் படிச்சு தானாவே டாக்குமெண்ட் போடற டூல் இருக்கே, அதை ஓட்டுங்க. காலியா வர்ற இடத்துல நீங்க எழுதுங்க. டாக்குமெண்ட் நல்லா வந்துச்சுன்னா சாரை ரிவ்யூவரா வச்சுக்கலாம்னு நான் மேல பேசறேன். பக்கத்தைப் படிச்சு சரி, தப்புன்னு காட்டினாப் போதும். வேலை நிலைக்கும்."

வேலை நிலைக்கும். அந்த இரண்டு சொல்லை அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம் அதில் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கும் மேலே ஒன்று இருந்தது. காலையில் எழுந்ததும் குளித்து, சட்டை மாட்டி, தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்துகொண்டிருந்தார் அவர். கம்ப்யூட்டர் அணைந்தே கிடக்கும். மதியம் சாப்பிடக் கூப்பிடும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்துக்கொண்டு அடுத்த மேஜையில் வேலை பார்க்கிறவளுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

கருவியை ஓட்டினேன். மதியச் சாப்பாட்டுக்குள் முழு மென்பொருளும் பக்கம் பக்கமாக வந்து நின்றது. நிரலில் ஒரு வேலையைச் செய்கிற துண்டுக்கு ஃபங்ஷன் என்று பெயர். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு பக்கம். தலைப்பில் அதன் பெயர், கீழே அதன் விளக்கம், அதற்கும் கீழே அது யாரையெல்லாம் கூப்பிடுகிறது, அதை யாரெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு பட்டியல். ஒன்றைத் தொட்டால் அடுத்ததற்குப் போகும். அழகாகத்தான் இருந்தது. என்ன, விளக்கம் என்ற இடத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒன்றுமே இல்லை. கருவி கமெண்டிலிருந்துதானே எடுக்கும்? எழுதிவைத்திருந்தால்தானே எடுக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, நாலு வரி எழுதி வச்சிருந்தா கையா தேஞ்சிருக்கும்?" என்று அவர் பக்கம் திரும்பிக் கத்தினேன். அவர் மடியில் அந்தக் கை கிடந்தது. வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து பழக்கம் ஒன்று அமைந்தது. நான் ஒரு ஃபங்ஷனைப் படித்து, புரிந்த வரைக்கும் தமிழில் அவருக்குச் சொல்லிப் பார்ப்பேன். பிறகு எழுதுவேன். எழுதியதை வாய்விட்டுப் படிப்பேன். தலையாட்டுவதில் பிரயோஜனம் இல்லை. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலை மாறி மாறி ஆடியது. என்ன செய்வதென்று தெரியாமல் நானே சரி என்று எழுதிக்கொண்டு போனேன்.

டயர் கணக்குக்கான பக்கம் ஒன்று வந்தது. டயரை மாற்றும்போது பழைய ஓட்டத்தைக் கழிக்கும் என்று எழுதிப் படித்தேன். அவர் இடது கையால் மேஜையில் பளாரென்று அடித்தார். "அதேதான்!" முகம் சிவந்திருந்தது. எனக்கும் கோபம். "என்ன தப்பு? தெரிஞ்சா நீங்களே வந்து எழுதுங்க!" மறுபடி அடித்தார். வேறு வழியில்லாமல் அந்தத் துண்டை இன்னொரு தரம் வரி வரியாகப் பார்த்தேன். கழிப்பது பழைய ஓட்டத்தை அல்ல. அந்த டயர் ஸ்டெப்னியாகத் தொங்கிக்கொண்டு சும்மா வந்த தூரத்தைத்தான். மாற்றி எழுதிப் படித்தேன். அவர் கை மேஜைமேல் அமைதியாக இருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனையும் உள்ளே அப்படியே இருந்தது. வெளியே வர வழிதான் இல்லை.

அப்புறம் எங்களுக்கு ஒரு பாஷை வந்துவிட்டது. தப்பென்றால் அடி. சரியென்றால் கை சும்மா இருக்கும். பக்கங்கள் நிரம்பத் தொடங்கின. மேனேஜரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர், "நீங்க படிக்கறதைக் கேட்டுச் சொல்றாரா மேடம், இல்ல அவரே படிக்கறாரா? மேல அதைத்தான் கேப்பாங்க. நீங்க இல்லாம அவரா படிச்சுப் பாத்தாத்தானே ரிவ்யூ?" என்றார். அன்றே வாயைத் திறக்காமல் தப்பான பக்கம் ஒன்றை அவர் முன்னால் வைத்துப் பார்த்தேன். திரையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கை அசையவில்லை. படித்தாரா, எழுத்து வெறும் கீறலாகத் தெரிந்ததா, எப்படிக் கண்டுபிடிப்பது? திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். கடைசியில் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் கருவி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. யாருமே கூப்பிடாத ஃபங்ஷன்கள் என்று அது ஒரு பட்டியல் கொடுக்கும். பெர்மிட் கணக்கு அத்தனையும் அந்தப் பட்டியலில் இருந்தது. கர்நாடகப் பதிவு வண்டிக்கு ஒன்று, ஆந்திரப் பதிவுக்கு ஒன்று, கேரளத்துக்கு ஒன்று என்று மாநிலத்துக்கு ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தார். எதையும் யாரும் கூப்பிடவில்லை என்றது கருவி. மேனேஜருக்குக் குஷி. "செத்த கோடிங் மேடம். சார் எப்பவோ எழுதி விட்டுட்டாரு போல. எடுத்துடலாம்."

"சார், அதைத் தொட்டுடாதீங்க," என்றேன். "நானே டெஸ்ட் பண்ணியிருக்கேனுங்க. கர்நாடகா வண்டிக்கு ஒரு கணக்கு, நம்ம வண்டிக்கு ஒரு கணக்கு சரியாத்தான் வருது."

"அப்ப எங்கிருந்து கூப்பிடுதுன்னு காட்டுங்க. டூல்ல வரலையே."

தேடினேன். அந்தப் பெயர்களை நிரல் முழுக்கத் தேடினாலும், எழுதிய இடத்தைத் தவிர வேறெங்கும் அவை இல்லை. அவரிடம் பட்டியலைப் படித்துக் காட்டி, "இதை யாருங்க கூப்பிடறது?" என்று கேட்டேன். "அதேதான், அதேதான்," என்று மேஜையைத் தட்டினார். தப்பு என்கிறார், அது தெரிகிறது. எது தப்பு, எங்கே தப்பு? இடது கையில் பேனாவைக் கொடுத்தேன். கோணல் கோடு ஒன்று வந்தது. பேனாவை வீசி எறிந்தார். மேனேஜர் அந்த வாரம் முடியும் வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு எடுத்துவிடுவார். எடுத்தால் கணக்குகள் சாயும். சாயட்டும், அதுவா எனக்குக் கவலை? இது சாரே மறந்துபோன பழைய குப்பை என்று முடிவு கட்டிவிடுவார்கள். குப்பை எது என்றுகூடச் சொல்ல முடியாதவரை ரிவ்யூவராக யார் வைத்துக்கொள்வார்கள்?

மே மாதம். மலை முழுக்க சீசன் கூட்டம். ஏரிப் பக்கம் கார் நிறுத்த இடமில்லை. சாயங்காலம் அவரை நடக்கக் கூட்டிப் போவேன். அன்று ஒரு காரின் பின்னால் போய் நின்றுகொண்டார். குனிந்து நம்பர் பிளேட்டைத் தொட்டார். பெங்களூர் வண்டி. என்னைத் திரும்பிப் பார்த்து, "அதேதான்," என்றார். கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டு அடுத்த காருக்குப் போனார். அதன் பிளேட்டிலும் விரலை வைத்தார். அதற்கடுத்தது ஒரு வேன். அதிலும். வேன்காரர் டீயும் கையுமாக ஓடிவந்தார்.

"யாருங்க அது? வண்டியில என்ன பண்றீங்க?"

"மன்னிச்சுக்குங்க," என்றேன். "உடம்பு சரியில்லாதவருங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அவர் காதுபடத்தான் சொன்னேன். அவர் விரலை எடுத்துவிட்டார். வீடு வரும்வரை என்னைப் பார்க்கவில்லை.

கீழ் வீட்டு அக்கா வாசலில் நின்றிருந்தார். "ஏங்கண்ணு, மூஞ்சியெல்லாம் இப்படி வீங்கிக் கெடக்குது?"

"மூளையும் போயிருச்சுக்கா," என்றேன். "காரு காராப் போயி நம்பரைத் தடவறாரு. இத்தன நாளா நாந்தான் பைத்தியக்காரி மாதிரி அவருக்கு எல்லாம் தெரியும், எல்லாம் தெரியும்னு சொல்லிட்டுத் திரியறேன்."

"அப்படிச் சொல்லாத சாமி. திருவிழாக் கூட்டம் கொறையட்டும், சேர்வராயன் கோயிலுக்கு ஒரு நட கூட்டிட்டுப் போயிட்டு வா. நொம்ப நம்பிக்கையா போயிட்டு வா." அவர் நல்ல மனசோடு சொன்னார். எனக்கு எந்த நம்பிக்கையும் மிச்சமில்லை. ராத்திரிச் சோற்றை ஊட்டிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை, எடுத்துவிடட்டும் என்று மேனேஜருக்குச் சொல்வதற்கு முன்னால், கடைசியாக ஒரு தரம் டெஸ்ட் செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். புது வண்டி பதிவு செய்கிற திரை. வண்டி எண் என்ற கட்டத்தில் கர்நாடக நம்பர் ஒன்றை அடித்தேன். மாநிலத்தைச் சொல்கிற அந்த முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் என் கை நின்றுவிட்டது.

அந்த மனுஷன் நம்பர் பிளேட்டைத் தடவவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் முதல் இரண்டு எழுத்தின்மேல் விரலை வைத்துக் காட்டியிருக்கிறார். உடனே நிரலைத் திறந்தேன். வண்டி எண்ணை வாங்குகிற இடத்திலிருந்து தொடர்ந்து போனேன். அங்கே இருந்தது, ஒரே வரி. எண்ணின் முதல் இரண்டு எழுத்தை வெட்டியெடுத்து, பெர்மிட் என்ற சொல்லின் வாலில் ஒட்டி, அப்படி வருகிற பெயரில் எந்த ஃபங்ஷன் இருக்கிறதோ அதைக் கூப்பிடு. பெயர் முழுதாக எங்கும் எழுதப்படவில்லை. வண்டி வரும்போதுதான் அந்தப் பெயரே உருவாகிறது. கருவிக்கு எழுதியிருப்பதுதான் தெரியும். ஒட்டினால் என்ன வரும் என்று அதற்கு எப்படித் தெரியும்? அது தெரிந்த ஒரே ஆளை நான் நடுரோட்டில் ஒன்றும் தெரியாதவர் என்று சொல்லி இழுத்து வந்திருந்தேன்.

அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். இடது கையால் என் தலையைத் தட்டிக் கொடுத்தார்.

அந்த ஃபங்ஷன்களுக்கெல்லாம் விளக்கம் எழுதினேன். எந்த வரி எதைக் கூப்பிடுகிறது என்று கருவிக்குப் புரிகிற மாதிரி குறிப்பும் சேர்த்தேன். மறுபடி ஓட்டியபோது அந்தப் பட்டியல் காலியாக வந்தது. அதன் பிறகு கொஞ்ச நாள் எனக்கு நல்ல காலம். காபி எஸ்டேட்டில் காய் பிடித்ததைக்கூட அந்த வருஷம் நான் பார்க்கவில்லை. மஞ்சக்குட்டையில் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. இருக்கிற பக்கத்தையெல்லாம் முடித்துவிடுவது என்று இரண்டு பேரும் விடாப்பிடியாக உட்கார்ந்தோம்.

பக்கத்தின் அடியில் எழுதியவர் என்று ஒரு வரி வரும். நான் ஒவ்வொன்றிலும் அவர் பெயரைப் போட்டேன். வேறு யார் பெயரைப் போடுவது? நான் வெறும் கை. ஒருநாள் மேனேஜர் தயங்கித் தயங்கிப் பேசினார். "மேடம், ஒரு சின்ன விஷயம். சார் மெடிக்கல் லீவுல இருக்காரு. லீவுல இருக்கறவர் பேர்ல வேலை வந்தா ஆடிட்ல கேள்வி வரும். அவருக்கே பிரச்சினை. உங்க பேரைப் போட்டுடுங்க. சும்மா ஃபார்மாலிட்டிதான்."

"அவரு பேரு எப்ப வரும்?"

"ரிவ்யூவராப் போட்டதும் அந்த வரியிலேயே வந்துடும் மேடம்."

அவருக்கே பிரச்சினை என்றதும் பயந்துவிட்டேன். ஒரே கட்டளைதான். அவர் பெயர் இருக்கிற இடத்திலெல்லாம் என் பெயர். எண்டரைத் தட்டியதும் அத்தனை பக்கமும் மாறிவிட்டது. பழைய நிரலில் யார் எந்த வரியை எப்போது எழுதினார்கள் என்ற வரலாறும், கம்பெனி நிரலை வேறு இடத்துக்கு மாற்றியபோதே போய்விட்டிருந்தது. அவராக எங்கும் ஒரு கமெண்ட் எழுதியதில்லை. ஆக, அவர் உருவாக்கிய மென்பொருளில் தேடினாலும் கிடைக்காத ஒன்றாக அவர் பெயர் ஆகிவிட்டது. அது அன்று எனக்கு உறைக்கவில்லை.

மேலிடத்தில் இருந்து ஒரு அம்மாவும் மேனேஜரும் வீடியோவில் வந்தார்கள். அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, என் பக்கத்தில் உட்காரவைத்திருந்தேன். அந்த அம்மா பக்கங்களைப் பாராட்டினார். இவ்வளவு தெளிவான டாக்குமெண்ட் பார்த்ததே இல்லை என்றார்.

"எல்லாம் இவரு சொன்னதுங்க," என்றேன்.

"எப்படிச் சொன்னார்?"

மேஜை அடித்ததையும் நம்பர் பிளேட்டையும் சொன்னேன். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது. புருஷன்மேல் உள்ள ஆசையில் ஒரு பெண்பிள்ளை கட்டிய கதை. அந்த அம்மா ஒரு பக்கத்தைத் திரையில் வைத்து, "சார், நீங்களே படித்துப் பார்த்து இது சரியா என்று சொல்லுங்கள். மேடம், நீங்கள் எதுவும் பேச வேண்டாம்," என்றார். அவர் திரையைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை. நான் மேஜைக்கு அடியில் என் விரல்களை நெரித்துக்கொண்டேன். கடைசியில், "அதேதான்," என்றார். அந்தப் பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்திருந்தார்கள். அந்த அம்மா மிக மரியாதையாக நன்றி சொன்னார்.

மறுநாள் மேனேஜர் எனக்குத் தனியாகப் போன் செய்தார். "மேடம், சாரை ரிலீவ் பண்றாங்க. ஆனா அவர் இடத்துக்கு உங்களைப் போடறாங்க. எல்லாப் பக்கத்துலயும் உங்க பேர்தானே இருக்கு, இதைவிட வேற என்ன வேணும்னு கேட்டாங்க. இன்சூரன்ஸ்ல சாரும் வந்துடுவாரு. நீங்க இருந்தா சாரும் இருக்கற மாதிரித்தானே மேடம்?"

கத்தியிருக்கலாம். மாட்டேன் என்று போனை வைத்திருக்கலாம். வாரா வாரம் சேலம் போக வேண்டுமே, மருந்து வேண்டுமே. "சரிங்க சார்," என்றேன். "நொம்ப தேங்க்ஸ்ங்க" என்றுகூடச் சொன்னேன். அவமானத்தில் என் காது சுட்டது.

அவரிடம் மதியம் சாப்பாடு முடிந்ததும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. கேட்டுக்கொண்டார். கை மேஜையை அடிக்கும் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. மறுநாள் காலை குளித்தார், சட்டை மாட்டிக்கொண்டார், அந்த அறைக்கு வரவில்லை. ரோட்டைப் பார்த்த ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பேச்சுப் பயிற்சிக்கும் கிளம்ப மறுத்துவிட்டார். எதை வைத்து நான் அந்த வேலைக்குச் சம்மதித்தேனோ, அதுவே இல்லை என்று ஆகிவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து நாமக்கல்லில் ஒரு ஆபீசில் டிரைவர் படிக் கணக்கு தாறுமாறாக வந்தது. கோயமுத்தூரில் எல்லாரும் என்னைக் கேட்டார்கள். நான் என் பக்கத்தைத் திறந்தேன். அந்த ஃபங்ஷன் என்ன செய்கிறது என்று நானே அழகாக எழுதியிருந்தேன். வண்டி நின்ற நாளுக்குப் படியை ஒரு விதமாகவும் ஓடிய நாளுக்கு வேறு விதமாகவும் கணக்கிடும். ஏன் அப்படி? யார் கேட்டு அப்படி வைத்தார்? மாற்றினால் வேறு எங்கே இடிக்கும்? ஒரு வரியும் இல்லை. நான் அவரிடம் என்ன என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். ஏன் என்று கேட்க எங்கள் பாஷையில் வழியே இருக்கவில்லை. "டாக்குமெண்ட் நீங்கதானே மேடம் எழுதினீங்க," என்றார் மேனேஜர். கேலியாக அல்ல, உண்மையாகவே புரியாமல்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் அவர் மடியில் வைத்தேன். எதையும் படித்துக் காட்டவில்லை. "ஏனுங்க, எனக்குத் தெரியலீங்க. காட்டுங்க," என்று மட்டும் சொன்னேன்.

அவர் குனிந்து பார்த்தார். தலைப்பிலிருந்து தொடங்கினார். கண் ஒவ்வொரு வரியாக இடமிருந்து வலமாக நகர்ந்து, மெதுவாகக் கீழே இறங்கியது. ஒரு இடத்தில் நின்று, மேலே போய், மறுபடி அதே வரியைப் பார்த்து, கீழே வந்தார். சந்தேகமே இல்லை, படித்துக்கொண்டிருந்தார். என் உதவி எதுவும் இல்லாமல், தானாக. அந்த அம்மா முன்னால் இதைத்தான் நான் வேண்டாத தெய்வம் இல்லாமல் வேண்டிக்கொண்டேன். பக்கத்தின் அடிக்கு வந்தார். இடது கை விரலைத் தூக்கி, எழுதியவர் என்ற வரியில், தன் பெயர் இருந்த இடத்தில் நின்ற என் பெயரின்மேல் வைத்தார். வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பி வந்து, படிக் கணக்குக்குக் காரணம் தெரியவில்லை என்று கோயமுத்தூருக்கு எழுதினேன்.